பச்சைக் கண்ணாடி வழியே ஏழுமலை

விழுப்புரத்தில் இறங்கியதும் நான் எடுத்த முதல் படம் ஒரு செத்துப்போன மனிதருடையது. அது எனக்கு அப்போது தெரியாது. ரயில் நிலையத்துக்கு வெளியே கண் கூச ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு முகம் நின்றது. ஆளுயரத்துக்கு மேல், கறுப்பு வெள்ளையில், நல்ல களையான முகம். சுற்றியிருந்த சிவப்பு மஞ்சள் விளம்பரங்களுக்கு நடுவில் அது மட்டும் சத்தம் போடாமல் இருந்தது. பரவாயில்லையே, இந்த ஊரிலும் ரசனையுள்ள ஆள் இருக்கிறார் என்று நினைத்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாலு கோணத்தில் எடுத்தேன்.

பக்கத்தில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு வேண்டப்பட்டவருங்களா? அடக்கமெல்லாம் ஆயிடுச்சேம்மா. நீங்க தொலவுல இருந்து வர்றீங்களா?"

அப்போதுதான் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்ததைப் படித்தேன். இல்லை, சும்மாதான் எடுத்தேன் என்று சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? தலையை ஆட்டிவைத்தேன். ஒரு துண்டு தர்பூசணியை என் கையில் திணித்து, "சாப்புடுங்க, மயக்கம் போட்டுறப் போறீங்க" என்றார். யாரோ ஒருவரின் சாவுக்கு நான் தர்பூசணி தின்றேன்.

நான் பினாங்குக்காரி. படம் எடுப்பதுதான் பிழைப்பு. கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்தது வைத்ததுதான், மாற்றுவதே இல்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தப் பயணமும் ஆசைப்பட்டு வந்ததில்லை. மாமா மகள் வசந்தாவின் பெண் சரண்யாவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். அம்மாவால் விமானம் ஏற முடியாது. "நீயாவது போய் நில்லுடி, அவளுக்கு யாரு இருக்கா" என்று பட்டுப்புடவைப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார். கிளம்பும்முன் வசந்தா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணி, கல்யாணத்துல மட்டும் அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோ எடுத்துறாதீங்க. எங்க பக்கம் அது செத்தவங்களுக்குத்தான்." நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். தர்பூசணி தின்னும்போது ஞாபகம் வந்தது.

பெரிய முகூர்த்தம் என்பதால் திண்டிவனத்தில் எந்த விடுதியிலும் அறை இல்லை. ஒலக்கூர் பக்கம் வசந்தா வீட்டிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் என் முழங்காலுக்கு உட்காருகிற மாதிரி கழிப்பறை வேண்டும். ஆகவே விழுப்புரத்தில் அறை. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் எதுவும் வரவில்லை. எங்கள் ஊரிலும் வெயில்தான், ஆனால் அதன் பின்னாலேயே ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

மறுநாள் காலை ஓட்டலில், "பசியாற என்ன இருக்கு?" என்றேன். பரிமாறுகிறவர் விழித்தார். பக்கத்து மேசைக்காரர்தான் காப்பாற்றினார்: "டிபன் கேக்கறாங்கய்யா. சிலோன்காரங்க போல." சிலோன் இல்லை, மலேசியா என்று திருத்தும் தெம்பு இல்லை. தோசையும் வடகறியும் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, வடகறி அபாரம். காப்பியில்தான் சர்க்கரைப் பாகுக்குள் கொஞ்சம் காப்பி கலந்திருந்தார்கள்.

பேருந்தில் ஏறும்முன் தெளிவாகத்தான் கேட்டேன். "திண்டிவனம் போகுமா?" "போவும், ஏறும்மா, ஜல்தி." போனது. ஆனால் ஊருக்குள் போகவில்லை. பைபாஸ் மேம்பாலத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி, "எறங்கு எறங்கு, திண்டிவனம்" என்றார் நடத்துநர்.

"ஊர் எங்கே?"

"அதோ கீழ தெரியுது பாரு. நடந்தா வந்துடும்."

ஊர் நடந்து வரவில்லை, நான்தான் நடந்தேன். கேமராப் பை ஒரு தோளில், புடவைப் பெட்டி ஒரு கையில், லாரிகள் காதோரம். பாலத்தடியில் நுங்கு விற்ற பெண், "இந்த வெயில்ல யாருக்கா உன்ன பைபாஸ்ல தள்ளிட்டுப் போனது? இதே பேஜாரு இவுனுங்ககிட்ட" என்று எனக்காகத் திட்டினாள். அன்று வழியில் கேட்ட பேச்சுகளில் அந்தத் திட்டு ஒன்றுதான் எனக்கு இதமாக இருந்தது.

ஊருக்குள் போய் ஒலக்கூருக்கு ஆட்டோ பிடித்தேன். வசந்தா வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சிமெண்டு வீடு, மாடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. வசந்தா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். "எளைச்சிட்டீங்க அண்ணி" என்றாள். என்னைப் பார்த்து அப்படிச் சொல்லும் ஒரே ஜீவன் அவள்தான். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வேகவைத்த மல்லாட்டையைத் தட்டு நிறைய வைத்துவிட்டு, பந்தல்காரரிடம் போனில் சண்டை போடப் போனாள்.

அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தாவின் கணவர் ஏழுமலை லாரி ஓட்டுநர். சரண்யா பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பு குஜராத் பக்கம் சரக்கு ஏற்றிப் போனவர் திரும்பவில்லை. லாரி ஒரு டீசல் பங்க் ஓரமாக, சாவியோடு நின்றிருந்தது. ஆள் இல்லை. தேடாத இடமில்லை, கொடுக்காத புகாரில்லை. சொந்தக்காரர்கள் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காரியத்தைச் செய்து முடி என்றார்கள். வசந்தா கேட்டது இதைத்தான்: "பார்த்தேன்னும் ஒருத்தன் சொல்லல, செத்தான்னும் ஒருத்தன் சொல்லல. எத வெச்சிக்கினு நான் பொட்ட அழிக்கறது?" அன்றிலிருந்து தினமும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வயலுக்குப் போகிறாள்.

சரண்யா என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனாள். மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள், படபடவென்று பேசுவாள். "அத்தை, அம்மா பார்க்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கறுப்பு வெள்ளைல எடுங்க. எப்படி இருக்கேன்னு பார்க்கணும்." சிவப்புப் புடவை கட்டியிருந்தாள், பின்னால் பச்சைப் பசேலென்று நெல். கலரில் என்றால் கண்ணைப் பறித்திருக்கும். எடுத்துக் காட்டினேன்.

"அத்தை, நான் எங்க இருக்கேன்? தலை மட்டும் வயல்ல மொளச்சிருக்கு!"

கறுப்பு வெள்ளையில் இதுதான் வம்பு. சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்குத்தான் எதிரிகள். கேமராவுக்கு இரண்டும் ஒரே அளவு வெளிச்சம், ஒரே சாம்பல். அதனால் நிறத்தைப் பார்க்காமல் எது வெளிர், எது கருமை என்று மட்டும் பார்க்கப் பழக வேண்டும். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஊரைப் பார்ப்பது அதற்காகத்தான். தூங்கி விழுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள், அதுவும் பாதி உண்மை.

பையிலிருந்து பச்சைக் கண்ணாடியை எடுத்து லென்ஸ் முன்னால் மாட்டினேன். பச்சைக் கண்ணாடி பச்சையை உள்ளே விடும், சிவப்பைத் தடுத்துவிடும். தடுத்தது படத்தில் கறுப்பாக விழும். இப்போது வயல் வெளுத்தது, புடவை கருத்தது, சரண்யா வயலை விட்டு வெளியே வந்து நின்றாள்.

"செமயா இருக்கு அத்தை" என்றாள். கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா போட்டோவுக்கு இத வெச்சி ஏதாவது பண்ண முடியுமா?"

கல்யாணப் பேனருக்கு அப்பா படம் வேண்டும் என்பது அவள் ஆசை. ஏழுமலைக்கு இருப்பது ஒரே ஒரு படம், கல்யாணத்தன்று எடுத்தது. பேனர் கடைக்காரர் சதீஷ் அதைக் கைபேசியில் ஏதோ செயலியில் போட்டுத் திருத்தி அனுப்பியிருந்தார். சரண்யா காட்டினாள். ரோஜா நிறக் கன்னம், வழவழப்பான தோல், சினிமாக்காரன் மீசை. "அம்மா இதப் பார்த்துட்டு, யாரு இந்த ஆளு, மாப்பிள்ளையோட மாமாவான்னு கேட்டாங்க" என்று சிரித்தாள். சிரித்தபடியே முகம் கோணிக்கொண்டது. "எனக்கு ஞாபகமே இல்ல அத்தை. யாரக் காட்டினாலும் அப்பான்னு நம்பிடுவேன்."

பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்துவந்தாள். படம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் சிவந்து கிடந்தது. வசந்தாவின் பட்டுக்கரை மட்டும் மங்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு கலங்கல்.

சாயம் போன கலர் படங்கள் எனக்குப் பழக்கம்தான். கலர் படத்தில் மூன்று சாயம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பீரோவுக்குள் புழுங்கிக் கிடந்தால் நீலச் சாயம் முதலில் போய்விடும், சிவப்புச் சாயம் மட்டும் பிடிவாதமாகத் தங்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்புக்குள் முகம் முழுசாக உட்கார்ந்திருக்கும். வயலில் காணாமல் போன சரண்யாவை வெளியே கொண்டுவந்த அதே கண்ணாடிதான் இதற்கும் மருந்து.

படத்தை ஆல்பத்திலிருந்து கிழியாமல் பிரித்து, நிழலான வாசற்படிக்குக் கொண்டுபோனேன். வெயிலில் வைத்தால் பளபளப்பு அடிக்கும், ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாக வரும்படி வெள்ளை வேட்டி ஒன்றைச் சரண்யா தூக்கிப் பிடித்தாள். பச்சைக் கண்ணாடியோடு குனிந்து எடுத்தேன். முழங்கால் ஐயோ என்றது.

கேமராவின் சின்னத் திரையில் ஒரு ஆள் எங்களைப் பார்த்தார். ஒடுங்கிய கன்னம், தூக்கி வாரிய முடி, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. போட்டோவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முழி. இடது புருவத்தை ஒரு வெட்டுத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. சரண்யா தன் இடது புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

வசந்தா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. கேமராவை என் கையிலிருந்து வாங்கினாள். "புருவத்துல வெட்டு இருக்குது" என்றாள். "கெணத்துல குதிச்சி வாங்கினது. மோட்டார் பைப்பு கிழிச்சிடுச்சின்னு சொல்லுவாரு." ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இத கலர்ல காட்ட முடியுமா அண்ணி?"

"முடியாது வசந்தா. நிறம் போனது போனதுதான். மேலே பூசலாம், பூசினால் அந்தச் செயலிக்காரன் ஆள் மாதிரி ஆகிவிடும்."

"அப்ப பேனர்ல வேணாம்." கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரண்யா வேட்டியை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மூன்றாம் நாள் திண்டிவனத்தில் சதீஷ் கடை. இந்த முறை பேருந்து நிலையத்துக்குள் போகும் டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். அது ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்றது. பின் இருக்கையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், நாத்தனார் போட்ட செயின் கவரிங்தான் என்று விக்கிரவாண்டியில் ஆரம்பித்து ஊர் வந்து சேரும்வரை நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

கடை முழுக்க முகங்கள். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் கலரில். ஒரு மூலையில் மட்டும் கறுப்பு வெள்ளை. வசந்தாவும் சரண்யாவும் முன்னமே வந்திருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சதீஷ் நல்ல மாதிரி, ஆனால் முகூர்த்த வாரத்தில் எந்தப் பேனர்க்காரருக்கும் பொறுமை இருக்காது.

"யக்கா, சாயந்திரம் பிரிண்டுக்குப் போவணும். அப்பா இருக்காரா, இல்லையா? அதச் சொல்லிடுங்க. இருந்தா கலரு, கீழ உங்க பக்கத்துல. இல்லன்னா கறுப்பு வெள்ளை, மேல மூலையில, வெளக்கு ஒண்ணு வெச்சிடுவேன். தெரியலன்னா நான் எங்க வெக்கறது?"

கேட்டதில் தப்பே இல்லை. அவர் வேலை அது. ஆனால் வசந்தாவுக்கு யாரோ அடித்த மாதிரி ஆகிவிட்டது. "போடவே வேணாம்" என்றாள்.

"ஏம்மா?" என்று சரண்யா வெடித்தாள். "சின்ன வயசுலேருந்து ஸ்கூல்ல, பேங்க்ல, ஆஸ்பத்திரில எல்லா எடத்துலயும் அப்பா எங்கன்னு கேட்டாங்க. என் கல்யாணத்துல ஒரு நாளாவது எம் பக்கத்துல நிக்கட்டும்மா. நேத்துதான் மூஞ்சியே பார்த்தேன்."

"நிக்கட்டும்டி, நானா வேணான்றேன்? கறுப்பு வெள்ளைல நின்னா ஊரு இன்னா சொல்லும்? வசந்தா ஒத்துக்கினா, அவன் செத்துட்டான்னு சொல்லும். எம் வாயால நான் இன்னும் சொல்லல. பேனரு சொல்றதா?"

சதீஷ் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் வெறும் அலுப்பில் சொன்னேன், யோசித்துச் சொன்னதில்லை: "எங்க வீட்டுச் சுவரில் எல்லாருமே கறுப்பு வெள்ளைதான் வசந்தா. என் பேரன் பிறந்து ஒரு மாதம். அவனும் அப்படித்தான் தொங்குகிறான்."

வசந்தா என்னைப் பார்த்தாள். பிறகு சதீஷ் பக்கம் திரும்பினாள். "எல்லாரையும் அப்படியே போடு."

"இன்னாது?"

"பொண்ணு, மாப்பிள்ளை, நானு, சம்பந்திங்க, எல்லாரும் கறுப்பு வெள்ளை. அவரு கீழ, எம் பக்கத்துல. வெளக்கு கிளக்கு வெக்காத."

"யக்கா, இது கல்யாணப் பேனரு! எழவு வூடுன்னு நெனச்சிக்கினு பாதிப் பேரு வாசலோட போயிடுவாங்க."

"நெனைக்கட்டும். உள்ள வந்து பார்த்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

சரண்யா வெளியே ஓடி மாப்பிள்ளை விக்னேஷுக்குப் போன் போட்டாள். திரும்பி வந்து, "கெத்தா இருக்கும், போடச் சொல்லுன்றாரு. அவங்கப்பா மட்டும் ஒரு மாதிரி பேசறாராம், பேசிச் சமாளிச்சிக்கறேன்னாரு" என்றாள். அந்தப் பையன்மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்தது.

வசந்தாவைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, வெளிச்சம் ஒரு பக்கமாக வரும்படி அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான் அழகு. நேராக அடித்தால் முகம் தட்டையாகிவிடும். எடுத்துக் காட்டினேன். வசந்தா திரையைப் பார்த்ததும் கை நெற்றிக்குப் போனது.

"அண்ணி, பொட்டு எங்க?"

பொட்டு இல்லை. குங்குமச் சிவப்பும் அவள் தோலும் ஒரே சாம்பலில் கலந்து, நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை வருடம் ஊரே சொல்லியும் அழிக்காத பொட்டை நான் ஒரே அமுக்கில் அழித்திருந்தேன். "இரு இரு, அசையாதே" என்று பையைத் துழாவிப் பச்சைக் கண்ணாடியை மாட்டினேன். முகம் இருண்டுவிடாமல் இருக்க வெளிச்சத்தைக் கூட்டிவைத்து மறுபடி எடுத்தேன்.

நெற்றி நடுவில் மை வைத்ததுபோல் வட்டமாக, கறுப்பாக, அழுத்தமாகப் பொட்டு. வசந்தா திரையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது இருந்தா போதும்" என்றாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் விழுப்புரத்திலிருந்து ஆட்டோவிலேயே வந்துவிட்டேன், இனி எந்த நடத்துநரையும் நம்புவதாக இல்லை. மண்டபம் இருந்த தெருவில் மூன்று கல்யாணங்கள். மற்ற இரண்டு பேனர்களும் எரிகிற மாதிரி கலர். நடுவில் எங்களுடையது. மேலே மணமக்கள், கீழே மாப்பிள்ளையின் அப்பா அம்மா, இந்தப் பக்கம் வசந்தா, அவள் தோளை ஒட்டி ஏழுமலை. அவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை போலவும், அவள் நரைத்தவளாகவும் இருந்தார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அந்தப் பேனரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சதீஷ் சொன்னதும் நடந்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் வாசலில் நிறுத்தி, கிசுகிசுத்துவிட்டு, தலைகுனிந்து கும்பிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா தன் படத்துக்குக் கீழே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "நான் நல்லாத்தான் இருக்கேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்ட நேரம். கண்டமங்கலத்திலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண்மணி பஸ் பிடித்துத் தாமதமாக வந்தார். பேனரைப் பார்த்தாரோ இல்லையோ, தட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டார். "அய்யோ வசந்தா, கண்ணாலத்தன்னிக்கா இப்படி ஆவணும்? யாருக்குடி இன்னா ஆச்சு? ஏழுமலைய எங்கடி கண்டெடுத்தாங்க?"

மேளம் ஒரு கணம் தடுமாறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். வசந்தா சாம்பார் வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். நான் கேமராவை எடுக்கவில்லை. அவள் முகம் முழுக்க வேர்வை, பொட்டு கொஞ்சம் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. அந்த அம்மாளின் கையைப் பிடித்து மார்பிலிருந்து இறக்கினாள், பையை எடுத்துக் கொடுத்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. பொண்ணோட அப்பாம்மா சேர்ந்து கூப்புட்ட கண்ணாலம் இது. கை கழுவிக்கினு வா, எல போட்டாச்சு."